சோதித்து ஏற்கப்பட்டது

கொடைக்கானல்
13-1-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

பெருமாள்மலை ஜீப் ஓட்டுநர் சங்கம் நேற்று ஞாயிறு மாலை நாலரை மணிக்குக் கூடி, ஒன்றேமுக்கால் மணி நேரம் விவாதித்து, நான்கு திருகாணிகளைக் கழற்றுவதென்று தீர்மானித்திருக்கிறது. சங்கம் தோன்றிய பதினோரு ஆண்டுகளில் இவ்வளவு நீண்ட விவாதம் நடந்ததில்லை என்கிறார்கள். மலைச் சாலையை அகலப்படுத்தக் கோரும் மனுகூட இருபது நிமிடத்தில் முடிந்ததாம்.

கழற்றப்பட இருப்பவை நீங்கள் செய்து அனுப்பிய எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியின் திருகாணிகள். பெட்டியைப் பற்றி இங்கே யாருக்கும் குறை கிடையாது. பனிக்காலையில் ஒரு மணி நேரம் கைப்பிடியைச் சுற்றியும், பொறி கொடுக்கும் பாயிண்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தும் வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர்கள், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டியால் உங்கள் மாப்பிள்ளையான என் வீட்டுக்காரரின் வண்டி ஒரே சுற்றில் கிளம்புவதைத் தினமும் வந்து நின்று பார்க்கிறார்கள். முழுப் பெயரும் வாயில் நுழையாததால் ‘மதுரைப் பெட்டி’ என்று வைத்துவிட்டார்கள். மீதி முப்பத்திரண்டு ஜீப்புகளுக்கும் வேண்டுமாம். வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்பது மட்டும்தான் அவர்கள் ஆசை.

தடையாக இருப்பது நீங்கள் மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகித முத்திரை. அதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சங்கத் தலைவர் திருமலைச்சாமி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “தொறந்து பாத்தாலே செத்துப்போற கேரண்டி என்ன கேரண்டிங்க?” என்றார். விவாதத்தில் மிச்ச நேரமெல்லாம் அதற்குப் பதில் தேடுவதில் போயிற்று.

திறந்து பார்த்து அறிக்கை கொடுக்க என்னை நியமித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர் என்பது ஒரு காரணம். கோயம்புத்தூர் ரேடியோ கம்பெனியில் மூன்று வருடம் பரிசோதனை மேசையில் உட்கார்ந்தவள் என்பது மற்றொன்று. அதே கம்பெனியில் நீங்களும் வேலை பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

செய்தவரிடம் அனுமதி கேட்பது முறை என்பதால் இந்தக் கடிதம். அனுமதி வந்தாலும் வராவிட்டாலும் 26ஆம் தேதி திறப்பேன்.

அன்புடன்,
சகாயராணி


ஞானம் ஆட்டோ எலக்ட்ரானிக்ஸ்
மதுரை, 18-1-1986

தங்கச்சிக்கு,

திறக்காதே.

வாத்தியாருக்கு மூளை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கேள்வி கேட்டுப் பார்ப்பார்களா, மண்டையைப் பிளந்து பார்ப்பார்களா? பெட்டி ஓடுகிறதா என்று பார். ஓடுகிறது. அதோடு சோதனை முடிந்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் என்னுடையது. எட்டு மாதம் தூங்காமல் போட்டது. நாளைக்கு அதைப் பார்த்து எவனாவது செய்ய ஆரம்பித்தால் உங்கள் சங்கத் தலைவர் வந்து எனக்குச் சோறு போடுவாரா?

இந்த முப்பத்திரண்டு ஜீப்பை நம்பி செல்லூரில் பெரிய இடம் பிடித்திருக்கிறேன். நாலு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அன்னக்கொடி என்று ஒருத்தி. அவள் கை வேகத்தைப் பார்த்தால் உங்கள் கோயம்புத்தூர் கம்பெனி முதலாளி அழுதுவிடுவான். மலையில் ஓடினால் எங்கும் ஓடும் என்று சொல்லித்தான் தேனி, கம்பம், மூணாறு வரை விற்கப் போகிறேன்.

நீ இரண்டே வரி எழுதிக்கொடு. ‘சோதித்தேன், நன்றாக இருக்கிறது.’ அதிகம் வேண்டாம். நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய் என்ற நம்பிக்கையில் லேபிளும் அச்சடித்துவிட்டேன். ஐந்நூறு. வெள்ளித் தாளில் நீல எழுத்து: ‘கொடைக்கானல் சகாயராணி அவர்களால் சோதித்து ஏற்கப்பட்டது.’ பெயருக்கு முன்னால் ‘விஞ்ஞானி’ சேர்க்கலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அடக்கமாக இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

மாப்பிள்ளை மரியசூசையைக் கேட்டதாகச் சொல்லு. வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று அவரே சொல்லட்டும்.

ஞானமுத்து


கொடைக்கானல்
27-1-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமையும் குடியரசு தினமும் ஒன்றாக வந்துவிட்டன. பூசை முடிந்து, கொடி ஏற்றி முடித்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு சங்கத்தார் நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். தேசிய கீதத்துக்கு நின்ற மாதிரியே சுற்றி நின்றார்கள். முத்திரையை நான் பிளேடால் கிழித்தேன். மூடியைத் திறந்ததும் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக ஒரு கட்டி மட்டும் இருந்தது. தலைவர் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

கட்டி, தாரும் மெழுகுவர்த்தி மெழுகும் கலந்தது. சர்க்யூட்டை மறைக்க ஊற்றியிருக்கிறீர்கள். வெந்நீரில் இளக்கி, ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் கிளறி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பார்வையாளர்கள் மூன்று பேராகக் குறைந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தூங்கினார்.

சர்க்யூட்டில் குறை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகாகப் போட்டிருக்கிறீர்கள். இந்த மலையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் என் பாராட்டுக்கு மதிப்புக் குறைவு, இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றது வேறு கதை. ஈயப் பற்றுகள் மொத்தம் நாற்பத்தொன்று. பதினொன்று சாம்பல் பூத்து மங்கலாக இருக்கின்றன; சூடு போதாமல் அவசரத்தில் வைத்தவை. ஒன்றைக் கையால் தொட்டதும் கம்பி வெளியே வந்துவிட்டது. பொறி உண்டாக்கும் காயிலின் மின்சாரம் முழுவதையும் தாங்குகிற பெரிய டிரான்சிஸ்டரை இரண்டு திருகாணியால் பெட்டியோடு இறுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதற்குத் துளை போட்டிருக்கிறீர்கள். திருகாணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது போலத் தெரிகிறது. மின்சாரம் பெட்டிக்குத் தாவாமல் தடுக்க அடியில் மைக்கா தகடு இருக்க வேண்டும். இருப்பது சிகரெட் பாக்கெட்டின் மேல்தாள். டிரான்சிஸ்டரின் சூட்டைப் பெட்டிக்குக் கடத்த ஒரு வெள்ளைப் பசை தடவுவார்களே, அந்த இடத்திலும் வெள்ளைப் பசை இருக்கிறது. காய்ந்து பொருக்காகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன். கிராம்பு வாசம் வந்தது. அண்ணன், அது பற்பசை.

சிகரெட் தாளையும் பற்பசையையும் திரும்ப வைக்க எனக்குக் கை வரவில்லை. பழைய இஸ்திரிப்பெட்டியிலிருந்து மைக்கா எடுத்து வெட்டிவைத்தேன். ஆய்வுக்கூடத்தில் நல்ல பசை கொஞ்சம் இருந்தது. நாற்பத்தொன்றையும் மறுபடி பற்றவைத்து, இரண்டாவது திருகாணியும் போட்டு, மாப்பிள்ளை வண்டியில் மாட்டியாயிற்று. சரிசெய்ததைச் சங்கத்தில் சொல்லவில்லை; குறைகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கேட்டது அறிக்கை மட்டும்தான்.

லேபிள் விஷயம். ‘சோதித்து’ என்பது உண்மை. ‘ஏற்கப்பட்டது’ பொய். முதல் பாதியை மட்டும் வெட்டி ஒட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் வியாபாரத்துக்கு உதவுமா என்று தெரியவில்லை. பெட்டிகளைச் சரியாகச் செய்யுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை என் பெயரை எதிலும் ஒட்டாதீர்கள்.

அன்புடன்,
சகாயராணி


ஞானம் ஆட்டோ எலக்ட்ரானிக்ஸ்
மதுரை, 3-2-1986

சகாயராணிக்கு,

பற்பசைதான். அதனால் என்ன? சூடு கடக்கிறதா, கடக்கிறது. மதுரையில் அந்தப் பசை எந்தக் கடையில் கிடைக்கிறது, நீயே சொல். பம்பாயிலிருந்து வரவேண்டும். மைக்காவுக்கு எழுதிப்போட்டு நாலு மாதம் ஆகிறது. இல்லாத சாமானுக்காகப் பட்டறையைப் பூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு ஆய்வுக்கூடச் சம்பளம் வரவில்லை.

போன சித்திரையில் இந்தப் பெட்டியைத் தகரக் கூரைமேல் இரண்டு நாள் வைத்து ஓட்டிப் பார்த்தேன். காக்காய்கூட அதில் உட்காரவில்லை, அவ்வளவு சூடு. பெட்டி ஓடியது. உங்கள் ஊர்க் குளிர் அதற்கு ஒரு பொருட்டா?

உன்னைப் பற்றி எனக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் நான் ரேடியோ பற்றவைத்து அனுப்பிய தட்டை ஒரே நாளில் மூன்று தடவை திருப்பி அனுப்பினவள் நீ. எல்லார் தட்டும் பச்சைச் சீட்டோடு போகும். என்னுடையது மட்டும் சிவப்புப் பென்சிலோடு வரும். கூடப்பிறந்தவன் என்று பார்க்கவில்லை என்று மேற்பார்வையாளர் உன்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டினேன், ஒன்றரை வருடம். அன்றைக்கும் அந்த ரேடியோவெல்லாம் பாடத்தான் செய்தன.

16ஆம் தேதி பெருமாள்மலைக்கு வருகிறேன். உங்கள் சங்கம் எந்த ஜீப்பை வேண்டுமானாலும் காட்டட்டும். நான் கொண்டுவருகிற பெட்டியை மாட்டி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை மலையெல்லாம் ஓட்டட்டும். ஒரு தடவை இருமினாலும் நான் இந்தத் தொழிலை விடுகிறேன். இருமவில்லை என்றால் உன் பெயர் என் பெட்டியில் இருக்கும். லேபிளைக் கிழிக்கமாட்டேன்.

ஞானமுத்து


கொடைக்கானல்
24-2-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பெருமாள்மலைவரை வந்து, எங்கள் வீட்டுக்கு வராமலே பஸ் ஏறியதை அண்டை வீட்டார் எனக்குத் தெரிவித்தார்கள். வெற்றியைப் பற்றியும் தெரிவித்தார்கள். திருமலைச்சாமியின் ஜீப் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை என்று மேல்மலை முழுக்கப் போய், மழையிலும் மஞ்சிலும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் திரும்பியது. பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்களாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. ஜீப்பின் வேலை மேல்மலையைச் சுற்றுவது அல்ல. பூண்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு வெள்ளனே கிளாவரையில் கிளம்பும்போது வாயில் புகை வரும். வத்தலக்குண்டு மண்டிக்குப் போய்ச் சேரும்போது சீட்டில் உட்கார முடியாது. சாயங்காலம் திரும்பக் குளிருக்கு வரவேண்டும். நீங்கள் வெயிலில் மட்டும் வைத்துப் பார்த்தீர்கள். சங்கம் குளிரில் மட்டும் ஓட்டிப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் போய்வருவதை யாரும் பார்க்கவில்லை. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கினால் உங்கள் சாம்பல் பற்றுகள் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதனால் அன்று ஓட்டிக் காட்டிவிட்டுச் சங்கத்துக்கு நீங்கள் மாதிரியாகக் கொடுத்துப்போன பெட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி, ஒரு பல்பை இணைத்து, பள்ளிச் சமையலறை ஐஸிலும் வெந்நீரிலும் மாறி மாறி முக்கினேன். இருபத்தேழாவது முறையில் பல்பு அணைந்தது. பற்று விட்டுவிட்டது. நேற்றுக் கூட்டத்தில் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். தலைவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “வாஸ்தவந்தாம்மா. ஆனா நம்ம வண்டி ஐஸ் பெட்டிக்குள்ள ஓடலையே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

இந்தச் சங்கத்தில் கை தூக்கி வாக்களிக்கும் வழக்கம் கிடையாது. தீர்மானத்தை வாசித்ததும் எல்லார் முன்னாலும் டீ வரும். ஒப்புக்கொள்பவர் குடிக்க வேண்டும். ஒரு கிளாஸ் மிஞ்சினாலும் தீர்மானம் நிற்காது. கிளாஸ் வைத்தாயிற்று என்றால் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் இதே விதி. சகாயராணி சோதித்து ஏற்றபடி முப்பத்திரண்டு பெட்டிகள் வாங்குவது என்று வாசித்தார்கள். என் டீயை நான் தொடவில்லை. அதில் ஆடை படிந்தது. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரோ மனைவிமாரைப் பற்றிப் பொதுவாக ஏதோ சொன்னார்கள். பிறகு உங்கள் மாப்பிள்ளை கையை நீட்டி, என் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தார்.

‘ஏகமனதாக’ என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இன்றிலிருந்து டீ போடுவதில்லை.

நான் எதையும் ஏற்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. என் பெயர் ஒட்டிய ஒரு பெட்டிகூட மலை ஏறக்கூடாது.

சகாயராணி


ஞானம் ஆட்டோ எலக்ட்ரானிக்ஸ்
மதுரை, 1-3-1986

சகாயராணிக்கு,

முப்பத்திரண்டு பெட்டியும் இன்று காலை லாரியில் ஏறிவிட்டன. முப்பத்திரண்டிலும் லேபிள் இருக்கிறது. நானே ஒட்டினேன், கோணாமல்.

உன் பெயரை ஏன் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாபாரத்துக்கு என்று சொல்லியிருப்பேன். உண்மை அது இல்லை. ஒன்றரை வருடம் உன் மேசைக்குத் தட்டு அனுப்பினேன். ஒருநாளாவது ‘இது சரி’ என்று நீ சொல்லிக் கேட்கவில்லை. சொல்லமாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. அதனால் அச்சடித்துக்கொண்டேன்.

இதற்கும் ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருப்பாய். வைத்துக்கொள்.

ஞானமுத்து


கொடைக்கானல்
24-3-1986

அண்ணனுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். அதற்குள் வேறு விஷயம் முந்திக்கொண்டது.

முப்பத்திரண்டு பெட்டிகளில் இருபத்தொன்பது செத்துவிட்டன. மீதி மூன்று ஜீப்பின் சொந்தக்காரர்கள் ஒரே கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வண்டியை எடுக்கவில்லை.

எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. மலை இறங்கி முடிகிற அடிவாரத்தில், வத்தலக்குண்டு போய்ச் சேருமுன், பாரத்தோடு. முதல் நாள் நான்கு நின்றன. மறுநாள் இறங்கியவர்கள் அவற்றைப் பார்த்து, பராமரிப்புப் போதாது என்று சொல்லிக்கொண்டே போய், கொஞ்ச தூரத்தில் நின்றார்கள். ஏழாம் நாள் இருபத்தொன்பது ஆயிற்று. சங்கக் கூட்டத்துக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை.

நான் சனிக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கிளாவரை வீரம்மாளை உங்களுக்குத் தெரியாது. பூண்டும் பீன்ஸும் போடுகிறவள். சொந்தமாக ஒரு ஜீப் வைத்திருக்கிறாள். அந்த வாரத்து அறுவடை முழுவதும் வண்டியில் இருந்தது. பூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீன்ஸ் இரண்டு நாள் வெயிலில் சுருண்டு, சாக்குக்குள் வெந்த மாதிரி ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் பானெட்டைத் தூக்கி, பெட்டியில் இருந்த லேபிளைக் காட்டினாள்.

“எனக்கு எழுத்துத் தெரியாது. இதுல என்ன எழுதிக் கெடக்குன்னு கேட்டேன். ஒம் பேரச் சொன்னாக. பள்ளிக்கூடத்துல சோலி பாக்குற பிள்ள பாத்துச் சொன்னதுன்னா சரியாத்தான் இருக்கும்னு மாட்டச் சொன்னேன்.”

நான் ஏற்கவில்லை, அது என் அண்ணன் அச்சடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். வெயிலில் சுருண்ட பீன்ஸுக்கு முன்னால் அது ஒரு பதிலாகத் தோன்றவில்லை.

ஓடுகிற ஒரே பெட்டி உங்கள் மாப்பிள்ளை வண்டியில் இருப்பது. அவர் ஒவ்வொரு நாளும் அத்தனை பேரையும் தாண்டிப் போய்வந்தார். சங்கம் அவசரமாகக் கூடி இதை ஆராய்ந்தது. ஓடுகிற பெட்டிக்கும் ஓடாதவற்றுக்கும் ஒரே வித்தியாசம், ஓடுவதன் சிவப்பு முத்திரை கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது. அன்றே மீதி எல்லா முத்திரைகளையும் கிழித்தார்கள். பெட்டிகள் ஓடவில்லை.

காரணத்தை நான் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். இறக்கத்தில் என்னதான் செய்வீர்கள் என்று உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். தினமும் குளிப்பதைப் போல, கேட்காமல் விட்டால் சொல்லத் தோன்றாத விஷயம் அது. பெருமாள்மலை தாண்டியதும் எல்லாரும் இஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். வண்டி தானாக இறங்குகிறது, அடிவாரம்வரை; அங்கேதான் மறுபடி கிளப்புகிறார்கள். அப்படியானால் சாவி எடுத்துவிடுவீர்களா என்றேன். “அதெப்பிடி? கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி ஹாரன் அடிக்க வேணாமா? சாவி போட்டாத்தான ஹாரன் கேக்கும்” என்றார்.

இஞ்சின் நின்றபின் சாவி போட்டிருந்தால், பழைய பாயிண்டு பாதி நேரம் திறந்து நிற்கும், மின்சாரம் போகாது. உங்கள் பெட்டி விடாமல் காயிலுக்கு மின்சாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றேகால் மணி நேரம். பற்பசையின்மேல் உட்கார்ந்துகொண்டு. மார்கழிக் குளிரில் மாப்பிள்ளை வண்டிப் பெட்டி நான் பிரித்துச் செய்யுமுன்பும் தப்பித்தது. பங்குனி வெயிலில் இந்த இருபத்தொன்பதும் தப்பவில்லை.

இருபத்தொன்பதையும் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பெரிய டிரான்சிஸ்டர் எரிந்திருக்கிறது. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, கிராம்பு.

சகாயராணி


ஞானம் ஆட்டோ எலக்ட்ரானிக்ஸ்
மதுரை, 29-3-1986

சகாயராணிக்கு,

நீயே எழுதிவிட்டாய், எனக்கு வேலை மிச்சம். இஞ்சின் ஓடாதபோது சாவி போட்டுவைத்தது யார்? நானா? இஞ்சினை அணைத்துக்கொண்டு மலை இறங்குவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பெட்டியை எரித்தது உங்கள் ஓட்டுநர்கள். உத்தரவாதம் இதற்கெல்லாம் செல்லாது. இதை உங்கள் தலைவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதியாயிற்று.

இன்னொன்று. இருபத்தேழு நடையில் ஈயப் பற்று விட்டுவிடும் என்றாய். ஐஸ் வைத்து நிரூபித்தாய். விட்டதா? ஒன்றாவது விட்டதா? பற்று எல்லாம் அப்படியே இருக்கிறது, எரிந்தது டிரான்சிஸ்டர் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். ஆக, நீ குறை சொன்ன இடம் குறை இல்லை. பெரிய பரிசோதகிக்கும் ஹாரன் விஷயம் தெரியவில்லை. மதுரையில் இருக்கும் எனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமா?

சமவெளியில் எவனும் இஞ்சினை அணைத்து ஓட்டுவதில்லை. அங்கே என் பெட்டி ஓடும். லேபிளோடு ஓடும்.

அன்னக்கொடியும் மற்றவர்களும் வேலைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்.

ஞானமுத்து


கொடைக்கானல்
7-4-1986

அண்ணனுக்கு,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஐஸ் சோதனையில் நான் கண்டுபிடித்தது யாரும் கேட்காத கேள்விக்கான பதில். வண்டிகள் என் இருபத்தேழாவது நடைவரை காத்திருக்கவில்லை. இறக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று இந்த வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஏழு வருடமாக அந்த வண்டியில் ஏறி இறங்குகிறேன். இஞ்சின் சத்தம் நிற்பதை இறக்கத்தின் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சங்கத்திலும் சொன்னேன். புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மற்றப் பாதி சரியில்லை. உங்கள் மாப்பிள்ளையும் அதே சாவியைப் போட்டுத்தான், அதே ஹாரனை அடித்துத்தான், அதே வெயிலில் இறங்கினார். அவர் பெட்டி எரியவில்லை. சர்க்யூட் உங்களுடையது. ஒரு கம்பியும் மாற்றவில்லை. மைக்காவும் பசையும் இன்னொரு திருகாணியும்தான் வித்தியாசம். உங்கள் சர்க்யூட் மலை இறங்கிவிட்டது, அண்ணன். உங்கள் அவசரம்தான் இறங்கவில்லை. சட்டத்தில் இல்லாததைச் செய்கிற மனிதர்களுக்குத்தான் நீங்கள் பெட்டி விற்கிறீர்கள். வேறு மாதிரி மனிதர்கள் இந்த மலையில் இல்லை. சமவெளியிலும் எனக்குத் தெரிந்து இல்லை. சாவியைப் போட்டபடி டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் மதுரையில் ஒருத்தன்கூட இல்லையா?

போன வாரம் சங்கத்தார் முப்பத்திரண்டு வண்டிகளுக்கும் பழைய பாயிண்டையே திரும்ப மாட்டினார்கள். பெட்டிகளைக் கழற்றி ஆய்வுக்கூடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். மைக்காவும் பசையும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் நான் எல்லாவற்றையும் பிரித்துச் செய்கிறேன். பம்பாயில் கிடைக்கிற கடையின் முகவரியை எங்கள் இயற்பியல் ஆசிரியர் விசாரித்து வைத்திருக்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். செய்து முடித்தபின் ஒவ்வொன்றையும் நானே அடிவாரம்வரை கொண்டுபோய்ப் பார்த்து, சரியாக இருந்தால் சரி என்று சொல்வேன். மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அன்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கமாட்டேன். நீங்கள் கேட்க விரும்பிய வார்த்தையை அச்சகத்தில் வாங்க முடியாது. என்னிடம்தான் வாங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை முடித்திருக்கிறேன். முப்பத்திரண்டு பெட்டிகளிலிருந்தும் என் பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள், இதில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. வீரம்மாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் மாப்பிள்ளை சாயங்காலம் வந்து, இன்னொரு பிளேடை எடுத்துக்கொண்டு கடைசி ஒன்பது பெட்டிகளைச் சுரண்டினார்.

ஐந்நூறில் முப்பத்திரண்டு போக மீதி நானூற்று அறுபத்தெட்டு லேபிள்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை எனக்கு அனுப்ப வேண்டும். கிழித்துவிட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டேன். என் பெயர் எங்கே ஒட்டப்பட வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் நான். லேபிள்கள் வந்துசேரும்வரை உங்கள் பெட்டி ஒன்றைக்கூடத் தொடமாட்டேன்.

சகாயராணி


மதுரை
15-4-1986

சகாயராணிக்கு,

பம்பாய்க்கு எழுதியிருக்கிறேன். உனக்காக இல்லை. அன்னக்கொடிதான், அது என்ன பசை, அதை வைத்து ஒன்று செய்து பார்க்கலாமே என்று நச்சரிக்கிறாள்.

நானூற்று அறுபத்தெட்டு லேபிளும் இன்று ரிஜிஸ்டர் பார்சலில் போட்டிருக்கிறேன். சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்.

ஞானமுத்து


கொடைக்கானல்
19-4-1986

அண்ணனுக்கு,

பார்சல் நேற்று வந்தது. தபால்காரர் முன்னிலையில் பிரித்து, நானும் உங்கள் மாப்பிள்ளையும் தனித்தனியாக இரண்டு தடவை எண்ணினோம்.

நானூற்று அறுபத்தொன்று இருக்கின்றன.

சகாயராணி